எலுவினா தொடாத கள்ளி

என் அண்ணி எலுவினாவுக்குக் கை சும்மா இருக்காது. நாத்தனார் வாயில் நல்லது வருமா என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் அந்தோனிட்டோவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஓட்டினோமா, இறங்கினோமா என்று இருக்கமாட்டாள். ஏறுகிற பிள்ளைக்குக் கோட்டுப் பித்தான் போட்டுவிடுவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்து அதன் அம்மாவுக்குப் போன் போட்டுத் திட்டுவாள். என் சமையலறைக்குள் அவள் நுழைந்துவிட்டுப் போனால் உப்பு டப்பா இருந்த இடத்தில் இருக்காது.

"அண்ணி, உப்பை எங்க வச்சீங்க?"

"உப்பா? நான் எதையும் தொடலையே!"

இந்த 'தொடலையே'தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கை வைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வைத்துவிட்டு, பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதுபோல நிற்பாளே, அதைத்தான் பொறுக்க முடியாது. என் அண்ணன் கசிமிரோவுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக, 'ஆமாம், நான்தான்' என்று அவள் வாயால் நான் கேட்டதே இல்லை.

அதனால்தான் அவள் மகன் ஊரைவிட்டே போனான். தோபியாஸும் அவன் மனைவி மரிசெலாவும் பக்கத்து மனையில், லாரியில் கொண்டுவந்து நிறுத்திய வீடு ஒன்றில் இருந்தார்கள். இளசுகள், சண்டை போட்டார்கள். ஒரு நாள் மரிசெலா கோபித்துக்கொண்டு அலமோசாவில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு வாரம் விடுங்க, தானா வந்துடுவா" என்றான் தோபியாஸ். அண்ணியால் ஒரு வாரம் இருக்க முடியுமா? பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, அந்த மஞ்சள் பேருந்தையே அலமோசாவுக்கு ஓட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு மரிசெலா திரும்பவே இல்லை.

தோபியாஸ் வந்து கேட்டான். "அம்மா, அலமோசா போனியா?"

"நான் எங்கடா போனேன்? நான் எதிலயும் தலையிடலையே!"

ஊரே பார்த்த பேருந்து அது. அவன் வீட்டை விற்றான், லாரி வந்து இழுத்துக்கொண்டு போனது. வடக்கே வயோமிங் மாநிலத்தில் காற்றாலைக் கம்பம் ஏறும் வேலை கிடைத்தது. பக்கத்து மனை வெறும் மண்ணாகக் கிடந்தது.

போவதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான். எங்கள் குடும்பத்து மேட்டு நிலத்தில், ஆடு மேய்க்கிற காலத்திலிருந்தே அவனுக்குப் பழக்கமான பாறை இடுக்கிலிருந்து, ஒரு செங்கிண்ணக் கள்ளிக் குத்தைத் தோண்டிக் கொண்டுவந்தான். கட்டை விரல் உயரத்திலிருந்து முழங்கை நீளம் வரை, தண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு மேடுபோல் இருக்கும். ஜூனில் தலையில் சிவப்புக் கிண்ணங்களாகப் பூக்கும். அதைத் தேன்சிட்டு சுற்றிச் சுற்றி வரும். மற்றபடி எங்கள் ஆட்களுக்குக் கள்ளி என்றால் எரிச்சல்தான். மாட்டு மூக்கில் முள் ஏறும் என்று மேய்ச்சல் நிலத்தில் அதைக் கண்ட இடத்தில் வெட்டி எறிகிறவர் என் அண்ணன்.

"வெட்டி வெட்டி என் முதுகு போச்சு. இவன் அதை வீட்டு வாசல்ல நடுறான் பாரு" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தோபியாஸ் அவசரப்படவில்லை. தோண்டுவதற்கு முன்பே குத்தின் தெற்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தான். அறுந்த வேர்கள் ஆறட்டும் என்று நிழலில் சில நாள் போட்டு வைத்தான். பிறகு சரளை கொட்டி, கோடு தெற்கே பார்க்க நட்டான். நட்டுவிட்டுத் தன் அம்மாவைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினான். நானும் வேலி ஓரம் நின்றிருந்தேன்.

"அம்மா, இதுக்கு நீ ஒண்ணுமே செய்யவேண்டாம். தண்ணி வேண்டாம், எரு வேண்டாம், மூடவும் வேண்டாம். குளிர் வர்றதுக்கு முன்னாடி இது தன் தண்ணியைத் தானே வெளியேத்திடும். சுருங்கும், நிறம் மாறும், தரையில படுத்துக்கும். பார்த்தா செத்த மாதிரி இருக்கும். சாகலை. அந்த நேரத்துல தண்ணி ஊத்தினா, அது உள்ள போய் உறைஞ்சு தண்டு வெடிச்சிடும். புரியுதா?"

"புரியாம என்ன? நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"ஜூன்ல வருவேன். நீ கை வைக்காம இது உயிரோட இருந்துச்சுன்னா, இந்த மனையில மறுபடி வீடு போடறேன். ஒரு கள்ளியைக்கூட உன்னால சும்மா விட முடியலைன்னா, நான் வயோமிங்லயே இருந்துக்கிறேன். வருத்தப்படாதே, கோபத்துல சொல்லலை."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். வாசல் வழியாக வந்தால் கை நீளும் என்று பின்வாசல் வழியாகப் போய் வந்தாள். தோட்டத்துக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்து, "என் கண்ணுல படாம ஒளிச்சு வைங்க" என்றாள். அக்டோபரில் கள்ளி வற்றத் தொடங்கியது. பச்சை போய்க் கத்திரிக்காய் நிறம் வந்தது. தண்டுகள் காற்றுப்போன டியூப்போலச் சப்பி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவாள்.

"செத்துப் போச்சு ஒதிலியா."

"அவன்தான் சொன்னானே அண்ணி, அப்படித்தான் இருக்கும்னு."

"அவன் சொன்னது வேற. இது நிஜமாவே செத்துக்கிட்டிருக்கு. ஒரே ஒரு டம்ளர் தண்ணி..."

"ஊத்துங்க. ஊத்திட்டு ஜூன்ல 'நான் தொடலையே'ன்னு சொல்லுங்க."

முறைத்தாள். நான் வைத்த மிளகாய்க் குழம்பைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேனோ என்று தோன்றியது. ஆனால் அவள் ஊற்றவில்லை. ராத்திரி எழுந்து நடப்பாளாம், ஜன்னலில் நின்று பார்ப்பாளாம். அண்ணன் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு ஒதிலியா. இது செத்தா உங்கண்ணி தாங்கமாட்டா."

என் அண்ணன் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் அவ்வளவு பேசியதையே நான் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நவம்பர் தொடக்கம் வரை இதமான வெயில். பிறகு ஒரு காலையில் ரேடியோ சொன்னது, இருட்டுவதற்குள் வடக்கிலிருந்து குளிர் இறங்கும், பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று. அப்படிச் சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். காய்ந்த மண்ணில் குளிர் ஆழமாக இறங்கி வேரைக் கொல்லும். நனைந்த மண் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால் பொழுது சாய்வதற்குள் ரோஜாவுக்கும் ஆப்பிள் மரத்துக்கும் குழாயை நூல்போலத் திறந்துவிட்டு ஊற ஊற நனைப்போம். அன்றைக்கும் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் குழாய் ஓடியது. நானும் என் மரங்களுக்குத் திறந்துவிட்டுத்தான் இருந்தேன்.

நாலு மணிக்குப் பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. அடுத்து அண்ணி போட்ட கூச்சல். ரொட்டி மாவுக் கையோடு ஓடினேன்.

கள்ளியைச் சுற்றிச் சரளை கறுத்துக் கிடந்தது. ரப்பர் குழாய் வேரடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பத்துல இருந்து?" என்றாள் அண்ணி.

"காலையில நீ போனதும்." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எல்லாத்துக்கும் விட்டேன். இதுக்கு மட்டும் விடலைன்னா பாவமா இருந்துச்சு. நீ தூங்காம கிடக்கறே, இதுவும் வத்திப்போயிருக்கு... குளிர்ல போயிடும்னு நினைச்சேன்."

"வேண்டாம்னு சொன்னான்ல!"

"உன்னைத்தானே வேண்டாம்னான்."

நான் என் அண்ணனை அறைந்திருப்பேன். அண்ணி குழாயைப் பிடுங்கி எறிந்தாள். குனிந்து, காலையிலிருந்து தாகத்தோடு குடித்த அந்தத் தண்டுகளைப் பார்த்தாள். நேற்று சப்பிக் கிடந்தவற்றில் சில லேசாக நிமிர்ந்திருந்தன. வேறெந்தச் செடியிலாவது அதைப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்போம். வடக்கே வானம் ஈயம்போல் இருந்தது, காற்று திரும்பிவிட்டது. என் கையில் ஒட்டியிருந்த மாவு விறைத்துக்கொண்டிருந்தது.

அவள் தோபியாஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். கம்பத்தின் மேல் இருப்பான். பிறகும் போட்டாள்.

"தோண்டி எடுத்துடலாம்" என்றேன் நான். "ஈர மண்ணுல இருந்து வெளிய வந்தாதான் பிழைக்கும்."

"தொடாதேன்னான்."

"தொடலைன்னா செத்துடும் அண்ணி!"

"தொட்டா அவன் வரமாட்டான்!"

அண்ணன் மெல்லச் சொன்னார்: "விடு எலுவினா. போனா போகட்டும். தண்ணி ஊத்தினது நான்தான்னு நானே அவன்கிட்ட சொல்லிடறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கவே நன்றாயில்லை. "நீங்க சொன்னா? அம்மா சொல்லிக்கொடுத்து அப்பா ஒப்பிக்கிறார்னு நினைப்பான். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அந்த மாதிரி நான் எத்தனை பண்ணியிருக்கேன்."

அவள் வாயால் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. காற்றில் முதல் பனித்துகள் வந்து என் கன்னத்தில் குத்தியது.

அவள் போனைப் பையில் போட்டாள். "உருளைக்கிழங்கு தோண்டுற முள்வெட்டியைக் கொண்டாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. அண்ணன் சுற்றிலும் குத்தி மண்ணைத் தளர்த்தினார். வாய்க்காலில் தண்ணீரை மடக்கிவிடுகிற பழைய தார்ப்பாயை நான் கொண்டுவந்தேன். அதைக் குத்துக்கு அடியில் நுழைத்து மூன்று பேரும் இழுத்தோம். ஈரமண்ணோடு கனத்தது. முள் தார்ப்பாயைத் தாண்டி வந்தது. அண்ணி கையுறை போட மறந்துவிட்டாள், நேரமும் இல்லை. ஒரு பக்கம் வேர் அறுகிற சத்தம் கேட்டபோது அவள் "ஐயோ" என்று தன் கால் அறுந்ததுபோலக் கத்தினாள். பாயோடு அதைச் சுருட்டித் தூக்கும்போது எது தெற்கு, எது வடக்கு என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. சுண்ணாம்புக் கோடு எப்போதோ அழிந்திருந்தது.

"கிழங்கு நிலவறைக்குக் கொண்டுபோலாம், உறையாது" என்றார் அண்ணன்.

"அங்க ஈரம். உங்க யோசனை இன்னைக்குப் போதும்" என்றாள் அண்ணி. குதிரைச் சேணம் வைக்கிற மண்சுவர் அறைக்குக் கொண்டுபோனோம். காய்ந்த வைக்கோல் பரப்பி, வேரிலிருந்து ஈரமண்ணை விரலால் உதிர்த்து, வேரை மேலே தூக்கிய மாதிரி படுக்கவைத்தோம். வெளியே வந்தபோது வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் பாலாடைபோல் பனிக்கட்டி படர்ந்திருந்தது.

அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். இடுக்கியால் அவள் உள்ளங்கையிலிருந்து நான் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோபியாஸ்.

"என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

அண்ணி என்னைப் பார்த்தாள். "சும்மாதான்டா. குளிர் வருதேன்னு."

"கள்ளி எப்படி இருக்கு?"

"இருக்கு. நான் தொடலை."

நான் இடுக்கியை மேசையில் வீசினேன். அவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு. அவள் போனை வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். முள் குத்திய கை, வலித்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சேண அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கிறிஸ்துமஸுக்குள் ஒரு ஓரத்துத் தண்டுகள் கருத்து, விரல் பட்டால் உள்ளே போகுமளவுக்கு அழுகின. சமையல் கத்தியைச் சுடவைத்து அறுத்து எறிந்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குத்தில் பாதி போய்விட்டது. ஒவ்வொரு முறை தோபியாஸ் போன் செய்யும்போதும் அவள் என்ன சொல்வாள் என்று நான் காத்திருப்பேன். குளிரைப் பற்றிப் பேசுவாள், பேருந்தின் பிரேக்கைப் பற்றிப் பேசுவாள். கள்ளிப் பேச்சு வந்தால், "அடுப்புல ஏதோ தீயுது" என்று வைத்துவிடுவாள். அவள் ரொட்டி ஒரு நாளும் தீய்ந்ததில்லை.

மண் இளகியதும் ஏப்ரலில் நட்டோம். குழியை ஆழமாக்கி, சரளையை மாற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல். மே முழுக்க வெயில். பிழைத்த தண்டுகளின் தோலைக் கிழித்துக்கொண்டு மொட்டு வந்தபோது அண்ணி சர்ச்சுக்கு ஓடினாள். ஆனால் அதே வெயிலில் தெற்கே பார்த்த தண்டுகள் எல்லாம் பழுப்பேறித் தோல் காய்ந்துகொண்டு வந்தன. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை.

தோபியாஸுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. ஜூன் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் அவன் வண்டி வந்து நின்றது. இளைத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான், அப்பா கையைப் பிடித்தான், "அத்தை, இன்னும் வாய் குறையலையா?" என்று என்னைச் சீண்டினான். பிறகு வாசலில் குந்தினான். ஐந்து பூ பூத்திருந்தது. அவன் பூவைப் பார்க்கவில்லை. பழுப்பேறிய பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தேன்சிட்டு ஒன்று வந்து, ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனது.

"அம்மா."

"ம்."

"இதோட வடக்குப் பக்கம் இப்ப தெற்கே இருக்கு. வெயிலே பார்க்காத தோல், பொசுங்கியிருக்கு." அவன் திரும்பவில்லை. "பாதித் தண்டையும் காணோம். தொட்டியா?"

எனக்கு அவள் வாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தச் சொல் அதில் எப்போதும் தயாராக இருக்கும். அதுவும் இந்த ஒரு தடவைதான் அவள் பக்கம் நியாயமும் இருந்தது. கை காட்டக் குற்றவாளி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "டேய், அது என்ன ஆச்சுன்னா, நான்..."

"நீங்க உள்ள போய்க் காபி வைங்க" என்றாள் அண்ணி.

"இல்ல எலுவினா, நான்தான்..."

"காபி வைங்கன்னேன்."

அவர் போனார். அண்ணி முந்தி விரித்து எதையோ வாங்கப்போகிறவள்போல ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டேன்" என்றாள். "நவம்பர்லயே தோண்டி எடுத்துட்டேன். அழுகினதை அறுத்துப் போட்டேன். ஏப்ரல்ல திரும்ப நட்டேன். எந்தப் பக்கம் தெற்குன்னு குறிச்சு வைக்கலை. எல்லாம் நான்தான்."

"அன்னைக்குத்தான் அத்தனை தடவை கூப்பிட்டியா?"

"ஆமா. உன்கிட்ட கேக்கணும்னு கூப்பிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டப்ப பொய் சொன்னேன். அலமோசாவுக்கும் போனேன்டா. பஸ்ஸை எடுத்துக்கிட்டு. ஹாரன் அடிச்சேன்."

தோபியாஸ் எழுந்தான். வண்டியை நோக்கி நடந்தான். நான் வாய்விட்டு அழுதுவிடுவேன் என்று பயந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி அவனைக் கூப்பிடவில்லை. பின்னால் ஓடவும் இல்லை. கை இரண்டும் ஏப்ரனுக்குள்ளேயே இருந்தன. வண்டிக் கதவு திறந்தது. மூடியது.

அவன் திரும்பி வந்தபோது ஒரு கையில் கிழிந்த கொசுவலைச் சட்டமும் மறுகையில் சுத்தியலும் இரண்டு முளைக்கட்டையும் இருந்தன. கள்ளிக்குத் தெற்கே ஒரு முளையை ஊன்றினான்.

"தோல் தடிக்கிற வரைக்கும் கொஞ்சம் நிழல் வேணும். இனிமே இதைத் திருப்பி நட வேண்டாம், இப்படியே பழகிக்கும்" என்றான். "அந்த முளையைப் பிடி."

அண்ணி அசையவில்லை. "நானா?"

"வேற யாரு? அத்தை பிடிச்சா அடிக்க விடாம பேசிக்கிட்டே இருப்பாங்க."

அவள் மண்டிபோட்டு இரண்டு கையாலும் முளையைப் பிடித்தாள். அவன் அடித்தான். அடித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான். "பக்கத்து மனைக்குப் போற தண்ணிக் குழாய் இன்னும் வேலை செய்யுதா?"

எத்தனை சொல்ல அவள் வாய் திறந்தது என்று எனக்குத் தெரியும். குழாயை எங்கே மாற்றலாம், வீட்டு வாசல் எந்தப் பக்கம் வேண்டும், ஜன்னல் எத்தனை என்று எல்லாம் வந்து நின்றிருக்கும்.

"செய்யுது" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து என் அண்ணன் கத்தினார். "எலுவினா, காபி டப்பாவைக் காணோமே! எங்க வச்ச?"

"அடுப்புக்கு மேல, இடது பக்கம்" என்று அவளும் கத்தினாள். முளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் மாத்தி வச்சேன்!"